புழுங்கல் அரிசியில் பிழைத்தவர்கள்

நம்மவர் ஒருவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், குடும்பத்தார் முதலில் கேட்பது, "டாக்டர் என்ன சொன்னார்?" பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "சோற்றைக் குறைக்கச் சொன்னார்." அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வருத்தம் தெரியும். சோறு இல்லாமல் என்ன சாப்பாடு என்ற வருத்தம் அது.

சோற்றைப் பற்றிய இந்தப் பேச்சு இன்று நேற்று தொடங்கியதல்ல. நூறு ஆண்டுகளுக்கும் முன்பு இதே மலாயா மண்ணில், ஒருவர் தட்டில் விழுந்தது எந்தச் சோறு என்பதைப் பொறுத்தே அவர் பிழைப்பதும் சாவதும் அமைந்தது. அந்தக் கதையில் தமிழர்களுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. நம் பள்ளிப் பாடநூல்களில் ஈயமும் ரப்பரும் உண்டு. மலாயாவில் நடந்த அரிசி ஆய்வு உலக மருத்துவத்தை மாற்றிய செய்தியை அறிந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. லாருட், கிந்தா, கோலாலம்பூர் என்று ஈய லம்பங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். சீனாவிலிருந்து இளைஞர்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கினார்கள். திடகாத்திரமாக வந்தவர்கள் சில மாதங்களில் கால் மரத்துப்போய், பாதம் வீங்கி, நிற்க முடியாமல் விழுந்தார்கள். சிலருக்கு உடல் முழுவதும் நீர் கோத்து, மூச்சுத் திணறி, இதயம் நின்றுபோனது. நோயின் பெயர் பெரிபெரி. 'முடியாது, முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகப் பரவலாகச் சொல்வார்கள். மருத்துவமனைகளில் படுக்கை போதவில்லை. ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

காரணம் என்ன? ஈர நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்று என்றார் ஒருவர். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்றார் இன்னொருவர். கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்த காலம் அது. எந்த நோய்க்கும் ஒரு கிருமி இருந்தே தீர வேண்டும் என்பது அன்றைய மருத்துவர்களின் நம்பிக்கை. இந்த நோயையும் மலேரியாவையும் போன்ற வெப்பமண்டல நோய்களை ஆராயவே 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கழகம் தொடங்கப்பட்டது. இன்றும் செயல்படும் மருத்துவ ஆய்வுக்கழகம் அதுதான். அதன் முதல் இயக்குநர் ஹமில்டன் ரைட் கிருமிக் கட்சிக்காரர்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் வேறு திசையில் பார்த்தார். அவர் நுண்ணோக்கியை விட்டுவிட்டு மக்களின் சமையலறையைக் கவனித்தார் என்று சொன்னால் மிகையாகாது. ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் சீனத் தொழிலாளர்களை நோய் வாரிக்கொண்டு போகிறது. மலாய்க் கம்பங்களில் அபூர்வமாகவே வருகிறது. தமிழர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. கிருமி இனம் பார்த்தா தொற்றும்?

மூன்று சமூகத்தாரும் சாப்பிட்டது சோறுதான். ஆனால் அரிசி வேறு. சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த பச்சரிசியை உண்டார்கள். நீராவி ஆலைகளில் தவிடு முழுவதும் நீங்கும்படி தீட்டப்பட்டு, முத்துப்போல் மின்னிய வெள்ளை அரிசி அது. கம்பத்து மலாய்க்காரர்கள் தாங்கள் விளைவித்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்தி உண்டார்கள். கைக்குத்தலில் தவிடு முழுமையாகப் போகாது. தமிழர்களோ ஊரில் பழகிய புழுங்கல் அரிசியை இங்கேயும் விடவில்லை. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அந்த அரிசி மங்கலான நிறம். ஒருவித வாடையும் உண்டு. அதைத்தான் அவர்கள் தேடி வாங்கினார்கள், தோட்ட நிர்வாகங்களும் படியளந்தன.

பிராடன் தம் முடிவுகளை 1907இல் பெரிய நூலாக வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்ன காரணம் தவறு. வெள்ளை அரிசி பழசாகும்போது அதில் பூஞ்சை பிடித்து ஒரு நச்சு உண்டாகிறது என்று அவர் நம்பினார். ஆனால் 'அரிசியை மாற்றுங்கள்' என்ற அவருடைய மருந்து சரியானது. மருத்துவ வரலாற்றில் இப்படித் தவறான வழியில் போய்ச் சரியான வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் பலர்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெச்சர். இடம், கோலாலம்பூரில் அப்போதிருந்த மனநோயாளர் காப்பகம். 1905இல் அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியது. அவ்வாண்டு டிசம்பரில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்குச் சயாம் பச்சரிசி, இரட்டைப்படை எண் வந்தவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றக் கறி, காய், மீன் எல்லாம் ஒன்றே. ஓராண்டு முடிவில் பார்த்தால், பச்சரிசி உண்ட சுமார் 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி. அவர்களில் 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட ஏறக்குறைய அதே எண்ணிக்கையினரில் இருவரிடம் மட்டுமே நோய் காணப்பட்டது. அந்த இருவரும் காப்பகத்துக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். மரணம் ஒன்றும் இல்லை.

ஒருவேளை தங்கியிருந்த கட்டடத்தில் கோளாறோ? அந்தச் சந்தேகமும் பிளெச்சருக்கு வந்தது. நடு ஆண்டில் இரு குழுவினரையும் இடம் மாற்றினார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு நகர்ந்தது.

இன்று எந்த மருத்துவமனையிலும் இப்படியோர் ஆய்வுக்கு அனுமதி கிடைக்காது. கிடைக்கவும் கூடாது. தங்களுக்கு என்ன நடக்கிறது என்று அறியாத நோயாளிகள் அவர்கள். உலகம் கற்ற ஒரு பாடத்துக்காக இறந்த அந்தப் 18 பேரின் பெயர்கள் எந்த நினைவுக்கல்லிலும் இல்லை.

அடுத்து வந்தவர்கள் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டேண்டனும். நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுவாகப் பிரித்து 1907 முதல் கவனித்தார்கள். புதிய இடம், புதிய குடிசைகள். அங்கே நோயே இருந்ததில்லை. பச்சரிசிக் குழுவில் சில மாதங்களில் பெரிபெரி தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. பிறகு கோழிகளுக்குக் கொடுத்துச் சோதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெள்ளை அரிசியில் நச்சு எதுவும் இல்லை. அதிலிருந்து எதையோ நாம் எடுத்து வெளியே வீசுகிறோம். வீசப்பட்டது தவிட்டில் இருக்கிறது.

ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மேன் கோழிகளை வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சியும் மலாயாவின் ஆராய்ச்சியும் இங்கே கைகோத்தன. 1912இல் 'வைட்டமின்' என்ற சொல் பிறந்தது. ஐக்மேனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் ஒளிந்திருந்தது இன்று பி1 என்று நாம் அறியும் தயமின்.

புழுங்கல் அரிசியின் இரகசியமும் விளங்கியது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் தயமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு உலர்த்தி ஆலையில் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி போய்விடுவதில்லை. நம் பாட்டிமார் இதை அறிந்து செய்தார்களா? இல்லை. பழக்கம், அவ்வளவுதான். நம் முன்னோர் எல்லாம் தெரிந்தவர்கள் என்று மேடையில் முழங்குவோர் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். புழுங்கல் அரிசி தமிழனைப் பெரிபெரியிலிருந்துதான் காத்தது. மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் கொக்கிப்புழுவிலும் தோட்டத்து லயங்களில் நம்மவர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள் என்பதும் அதே காலத்துப் பதிவுதான்.

காரணம் தெரிந்துவிட்டது. பிறகு எல்லாரும் அரிசியை மாற்றிக்கொண்டார்களா? இங்கேதான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் அரிசி மாறியது. அங்கே சமையற்காரர் எதைப் பொங்குகிறாரோ அதைத்தான் சாப்பிட்டாக வேண்டும். அங்கெல்லாம் நோய் விரைவாகக் குறைந்தது. ஆனால் லம்பத்துச் சீனத் தொழிலாளியிடம் போய்ப் 'புழுங்கல் அரிசி சாப்பிடு, பிழைப்பாய்' என்றபோது அவர் முகம் சுளித்தார். அந்த வாடை அவருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைச் சோறு உண்பது வசதியின் அடையாளமாகவும் இருந்தது. காலுக்கு ஆபத்து என்று தெரிந்தும் நாக்கு இணங்கவில்லை. அவரைக் குறை சொல்லுமுன் நம் வீட்டுச் சீனி டப்பாவை ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

ஜப்பானியர் ஆட்சி வந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கிய நாடு. 1942க்குப் பிறகு கப்பல்கள் நின்றன. பங்கீட்டு அரிசி மாதத்துக்கு மாதம் சுருங்கியது. மரவள்ளிக்கிழங்கே காலைக்கும் மாலைக்கும் என்றானது. அப்போது பெரிபெரி இனம் பார்க்கவில்லை, தமிழர் வீட்டிலும் புகுந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர்களின் முகாம்களில் காலராவுக்கும் சீதபேதிக்கும் மலேரியாவுக்கும் பக்கத்தில் இதுவும் நின்றது. அந்த வதையைக் கண்ட தலைமுறைக்கு வயிறு நிறைய வெள்ளைச் சோறு என்பது விடுதலையின் சுவை. போர் முடிந்த பின் பிள்ளைகளின் தட்டில் மலைபோல் சோறு வைத்து, 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்திய தாய்மார்களின் கைகளை அந்தப் பசிதான் இயக்கியது.

அந்தச் சோறு அப்போது உடம்பில் தங்கவும் இல்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். இருட்டிலேயே நிரைக்குள் நுழைந்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவ வேண்டும். மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிப் பால் வாளியைத் தோளில் காண்டா போட்டுத் தூக்கிவந்து நிறுவையில் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் தண்ணீர் எடுப்பது, விறகு பிளப்பது, கொல்லையில் கீரைப்பாத்தி கொத்துவது. 'உடற்பயிற்சி' என்ற சொல் தோட்டத்தில் பள்ளி ஆசிரியருக்கு மட்டுமே தேவைப்பட்டது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின, பல வீடமைப்புப் பகுதிகளாயின. நம்மவர்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். தொழிற்சாலையில் நின்ற இடத்தில் வேலை, அலுவலகத்தில் நாற்காலி, லாரியில் ஓட்டுநர் இருக்கை, போய்வர மோட்டார் சைக்கிள். உழைப்பு உடம்பைவிட்டுப் போனது. சோற்றின் அளவு மட்டும் பால்வெட்டுக் காலத்து அளவிலேயே நின்றது. கூடவே கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக், இரவு பதினொரு மணிக்கு ரொட்டி சானாய், திருமண வீட்டில் கலர்த் தண்ணீர். பாட்டன் சாப்பிட்டதைத்தானே பேரனும் சாப்பிடுகிறான் என்று வாதிடுவோர் உண்டு. பாட்டன் நடந்ததைப் பேரன் நடக்கவில்லையே.

விளைவைத் தேசிய சுகாதார ஆய்வுகள் படிப்படியாகக் காட்டின. 1996இல் நாட்டின் பெரியவர்களில் 4.4 விழுக்காட்டினர் உடல் பருமன் உள்ளவர்கள். 2006இல் அது 14 விழுக்காடு. பத்தே ஆண்டில் மூன்று மடங்கு! 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு, நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அவ்வாண்டு 31 விழுக்காட்டைத் தாண்டியது. மூவரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிபெரியிலிருந்து தப்பிய சமூகம், நூறாண்டு கழித்து இன்னோர் உணவு நோயில் நாட்டின் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. அன்று மருத்துவமனைக் கட்டிலில் வீங்கிய கால்கள் சீனர்களுடையவை. இன்று ஆறாத புண்ணுக்காக வெட்டப்படும் கால்களில் நம்முடையவை அதிகம்.

இதில் இரத்தத்தின் பங்கும் உண்டு. தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கும் உடல்வாகு நமக்குப் புதியதல்ல. அந்த வயிற்றுக் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. ஆகையால்தான் நம்மவரில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லை வகுக்கப்பட்டது. தராசைவிட ஓர் அளவுநாடா நமக்கு அதிக உண்மை பேசும். நடையின் வேலையும் இங்கேதான். இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு உள்ளிழுப்பவை தசைகள். இயங்கும் தசை இன்சுலின் குறைவாக இருந்தாலும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்தவர் 'உடம்பு இலேசாக இருக்கிறது' என்று சொல்வது வெறும் மனப்பிரமை அல்ல.

சுகாதார அமைச்சு சும்மா இருக்கவில்லை. 1991இல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை இயக்கம் தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு கருப்பொருள். 1996இல் நீரிழிவு, 1997இல் சத்துணவு, 1998இல் உடற்பயிற்சி. சுவரொட்டிகள், வானொலி விளம்பரங்கள், பூங்காவில் கூட்டு உடற்பயிற்சி எல்லாம் நடந்தன. 2003இல் உணவு, உடற்பயிற்சி, புகையின்மை, மன உளைச்சலைச் சமாளித்தல் என்ற நான்கையும் ஒன்றாகச் சேர்த்து மீண்டும் முழக்கமிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில்தான் மேலே சொன்ன எண்கள் ஏறின. இயக்கம் வீண் என்று பொருளல்ல. லம்பத்துத் தொழிலாளியிடம் தோற்ற அதே அறிவுரை முறை, தொண்ணூறுகளிலும் தனியாக நின்று ஜெயிக்கவில்லை.

பின்னர் வந்த சில ஏற்பாடுகள் பிளெச்சரின் காப்பகத்துச் சமையலறையை நினைவூட்டுகின்றன. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும் என்ற அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' அளவைக் கலோரிக் கணக்கு தெரியாதவரும் கண்ணால் பார்த்தே பின்பற்றலாம். 2019 ஜூலை முதல் தேதி, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024இல் அது 50 சென்னாகி, 2025இல் மேலும் உயர்ந்தது. பானம் தயாரிப்பவர் வரிக்குப் பயந்து சீனியைக் குறைத்தால், குடிப்பவர் மனம் மாறாமலேயே அவர் உடம்புக்குப் போகும் சீனி குறைகிறது. வீட்டிலும் அப்படித்தான். 'அப்பா, சோற்றைக் குறையுங்கள்' என்று தினமும் சொல்லிச் சண்டை போடுவதைவிட, கரண்டியைச் சிறிதாக்கிக் கீரையைப் பெரிதாக்கும் அம்மாவின் கை அதிகம் சாதிக்கும்.

புழுங்கல் அரிசி என்ன ஆயிற்று? பட்டணத்துக்கு வந்த நம்மவர்களில் பலர் அதைத் தோட்டத்து ஏழ்மையின் அடையாளமாக எண்ணி ஒதுக்கி, மணக்கும் சயாம் வெள்ளை அரிசிக்கு மாறினார்கள். பின்னர் தமிழ்நாட்டிலிருந்து பொன்னி வந்தது. அதற்கும் ஒரு மலாயாத் தொடர்பு உண்டு. பொன்னியின் தாய் ரகம் 'மஹ்சூரி'. மலாயாவின் மாயாங் எபோசையும் தைவானின் ஒரு நெல்லையும் கலந்து நம் நாட்டில் உருவாக்கி 1965இல் விவசாயிகளுக்கு வழங்கிய ரகம் அது. லங்காவிக் கதையின் மஹ்சூரி பெயரைத் தாங்கிய நெல் கடல்கடந்து போய், காவிரியின் பெயரைத் தாங்கி, மூட்டையில் திரும்பி வந்திருக்கிறது.

புழுக்கிய பொன்னி வெள்ளைப் பச்சரிசியைப் போல் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுவதில்லை என்ற பேச்சு பரவியதும், அது நீரிழிவுக்காரர்களின் அரிசி என்று பெயர் பெற்றது. குவித்துச் சாப்பிட்டால் எந்த அரிசியும் சர்க்கரைதான் என்பதை மூட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. இன்று பேரங்காடிகளில் அந்த மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றுபவர்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும் உண்டு. அந்த வாடையைப் பற்றி இப்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.